கிழவி சொன்ன கதை

பேசாத படக் காலத்தில் விசித்திரமான படங்கள் பல வந்ததுண்டு. ஆனால் 1922-ல் ஸ்வீடனில் வெளியான 'ஹெக்சன்' என்ற படத்தை எந்த வகையில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. 'சூனியக்காரி' என்று அந்தப் பெயருக்கு அர்த்தம். கதைப் படமா என்றால், கதை இருக்கிறது. சரித்திரப் பாடமா என்றால், அதுவும் இருக்கிறது. பேய்ப் படமா என்றால், பிசாசே நேரில் வந்து நாக்கைச் சுழற்றுகிறது.

எடுத்தவர் பெஞ்சமின் கிறிஸ்டென்ஸன் என்ற டென்மார்க்காரர். வைத்தியம் படிக்கப் போய், அதை விட்டுவிட்டுப் பாடகராகப் பயின்று, மேடையில் குரல் கைவிட்டபின் நடிகராகி, கடைசியில் டைரக்டரானவர். பெர்லின் நகரத்துப் புத்தகக் கடை ஒன்றில் அவர் கையில் ஒரு பழைய நூல் அகப்பட்டது. சூனியக்காரியைக் கண்டுபிடிப்பது எப்படி, விசாரிப்பது எப்படி, தண்டிப்பது எப்படி என்று நீதிபதிகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் நூல். லத்தீனில் அதற்குச் 'சூனியக்காரிகளின் சம்மட்டி' என்று பெயர். அதிலிருந்து தொடங்கி, 1919 முதல் 1921 வரை பழைய ஏடுகளிலும் மரச்செதுக்குச் சித்திரங்களிலும் மூழ்கிக் கிடந்தார் மனிதர். பணம் போட்டது ஸ்வீடன் கம்பெனி. படம் பிடித்தது டென்மார்க்கில். பிசாசு வேஷத்தை மட்டும் வேறொருவருக்கும் கொடுக்காமல் டைரக்டரே போட்டுக்கொண்டார்!

படம் ஏழு பாகம். முதல் பாகத்தில் நாடகமே இல்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார் கரும்பலகையைக் குச்சியால் தொட்டுக் காட்டுவதுபோல, பழைய சித்திரங்களை ஒவ்வொன்றாகக் காட்டி விளக்குகிறார்கள். 'இது என்ன, பாடம் கேட்கவா வந்தோம்?' என்று நாம் அலுத்துக்கொள்ளும் சமயத்தில் கதை வந்துவிடுகிறது.

ஓர் அச்சுக்காரன் திடீரென்று நோயில் விழுகிறான். அவன் மனைவி அன்னா இளம்பெண், கைக்குழந்தைக்காரி. அந்த வீட்டுக்குப் பிச்சைக்கு வருகிறாள் மரியா என்ற நெசவுக்காரக் கிழவி. அடுக்களையில் உட்கார்ந்து அவள் சாப்பிடுகிற அழகே பார்க்கிறவர்களுக்குப் பயமாக இருக்கிறது. உண்மையில் அவளுக்கு இருப்பது பசி, வேறொன்றுமில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? அன்னா ஓடிப்போய், ஊருக்கு வந்திருக்கும் மத விசாரணைக்காரர்களிடம் முறையிடுகிறாள். பதற்றத்தில் ஓர் இளந்துறவியின் கையையும் பிடித்துவிடுகிறாள்.

கிழவியைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சித்திரவதை செய்கிறார்கள். முதலில் இல்லை, இல்லை என்கிறாள். பிறகு உடம்பு தாங்காமல் பேசத் தொடங்குகிறாள். துடைப்பத்தில் ஏறிப் பறந்தது, நடுநிசியில் பிசாசுகளோடு விருந்துண்டது, பிசாசுக்குப் பிள்ளை பெற்றது எல்லாம் வருகின்றன. கூட யார் யார் இருந்தார்கள் என்று கேட்கிறார்கள். அச்சுக்காரன் வீட்டுப் பெண்களில் இருவர் பெயரைச் சொல்கிறாள். அப்புறம் அன்னாவின் முறை. அவள் கை பட்ட இளந்துறவிக்கு மனம் சஞ்சலப்பட்டதாம். அதுவே அவள் செய்த சூனியத்துக்குச் சாட்சி! புகார் கொடுத்தவளையே தந்திரமாகப் பேசி, ஒப்புக்கொண்டாள் என்று ஆக்கி, நெருப்புக்கு அனுப்புகிறார்கள்.

இந்தப் படத்தில் எல்லோரும் வியப்பது பெண்கள் வானத்தில் பறக்கும் காட்சியையும் பிசாசுகளின் கூத்தையும்தான். வீட்டுக் கூரைகளுக்கு மேலே கும்பல் கும்பலாகப் பறக்கிறார்கள். ஒரு நூறு வருஷத்துக்கு முன் எடுத்தது என்று நம்ப முடிவதில்லை. நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். அந்தக் கூத்து எங்கே வருகிறது என்பது பிறகுதான் உறைத்தது. கிழவியின் வாக்குமூலத்தில் வருகிறது. அவ்வளவு ஜோடனையும் அடி தாங்காத ஒரு கிழவி இட்டுக்கட்டிய பொய். கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். கற்பனை எப்படிப் பிறக்கிறது என்று என்னைப் பலர் கேட்டதுண்டு. இப்படியும் அது பிறக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இது டைரக்டர் கற்பனை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் பாம்பெர்க் நகரத்தின் மேயர்களில் ஒருவர் யோஹானஸ் யூனியுஸ். 1628-ல் அவரைச் சூனியக்காரர் என்று பிடித்தார்கள். கட்டைவிரல்களைத் திருகில் வைத்து நசுக்கினார்கள். கைகளைப் பின்னால் கட்டிக் கயிற்றில் தூக்கித் தூக்கி விட்டார்கள். நசுங்கிய கையாலேயே மகள் வெரோனிகாவுக்கு ரகசியமாக ஒரு கடிதம் எழுதினார். அது இன்றும் இருக்கிறது. எதையாவது கற்பித்தாவது சொல்லித் தொலையுங்கள் என்று சித்திரவதை செய்தவனே கெஞ்சினானாம். கூட்டாளிகள் பெயர் வராதபோது, மனத்துக்குள் ஊரைத் தெருத் தெருவாகச் சுற்றிவரச் சொல்லி, ஒவ்வொரு தெருவுக்கும் பெயர் கேட்டார்களாம். அவரும் சொன்னார். அந்த ஆகஸ்டு மாதமே அவர் கதை முடிந்தது. அவருடைய தெருக்களில் இருந்தவர்கள் யார் யாரோ!

'சம்மட்டி' நூலின் பிறப்பும் கேட்கத் தகுந்தது. ஹைன்ரிஷ் கிராமர் என்ற துறவி 1485-ல் இன்ஸ்ப்ருக் நகரத்தில் சில பெண்கள்மேல் சூனிய வழக்குத் தொடுத்தார். அங்கிருந்த பிஷப் அதை நம்பவில்லை; வழக்கு கலைந்தது; துறவியை ஊரைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார். தோற்றுப்போனவர் பேனாவை எடுத்தார். 1486-ல் புத்தகம் அச்சாயிற்று. அச்சு யந்திரம் வந்து சில பத்து வருஷங்களே ஆகியிருந்தன. பைபிளைப் பரப்பிய யந்திரம் இதையும் பரப்பியது. படத்தில் நோயாளியை அச்சுக்காரனாக வைத்தது தற்செயலோ என்னவோ, எனக்கு அது சுருக்கென்று தைத்தது.

எதிர்த்து எழுதியவர்களும் இருந்தார்கள். பிரீட்ரிஷ் ஷ்பே என்ற சேசு சபைப் பாதிரியார் 1631-ல் தம் பெயரைப் போடாமல் ஒரு நூல் வெளியிட்டார். இந்தச் சித்திரவதைக்கு உட்பட்டால் நிரபராதி என்று ஒருவரும் மிஞ்ச மாட்டார் என்பது அவர் வாதம். அந்த நியாயத்தைக் கிறிஸ்டென்ஸன் ஒரே நிமிஷத்தில் காட்டிவிடுகிறார். படத்தில் நடித்த ஒரு பெண், விரல் திருகு எப்படித்தான் இருக்கும் பார்ப்போமே என்று விளையாட்டாகத் தன் விரலைக் கொடுத்தாளாம். ஒரு நிமிஷத்துக்குள் அவள் ஒப்புக்கொண்டதையெல்லாம் நான் வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுத்தில் போடுகிறார். சிரிப்பு வருகிறது. சிரித்து முடிக்கும்போது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒன்று சொல்லாவிட்டால் சரித்திரத்துக்குத் துரோகம். எண்பது லட்சம் பேரை எரித்தார்கள் என்கிறது படம். அது அந்தக் காலத்தில் புழங்கிய கணக்கு. வழக்குப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்த பிற்கால ஆராய்ச்சியாளர்கள், ஐரோப்பா முழுவதிலும் சுமார் 40,000 முதல் 60,000 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்கிறார்கள். தீர்ப்புச் சொன்னவர்களில் பெரும்பாலோர் பாதிரிமாரும் அல்லர். ஊர்க் கோர்ட்டு நீதிபதிகள். கொடுமை உச்சத்தில் இருந்ததும் படம் காட்டும் பதினைந்தாம் நூற்றாண்டில் அல்ல. 1560-க்கும் 1650-க்கும் இடையில். கலிலியோ தூரதிருஷ்டிக் கண்ணாடியால் வானத்தைப் பார்த்த அதே காலத்தில். தொகை குறைந்ததில் ஆறுதல் கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஐம்பதாயிரம் என்றாலும், ஒவ்வொன்றும் ஒரு பெயர் உள்ள ஆள்.

ஏழாவது பாகத்தில் டைரக்டர் தம் காலத்துக்கு வந்துவிடுகிறார். தூக்கத்தில் நடக்கும் பெண், யுத்தத்தில் கணவனை இழந்து கடையில் நகை திருடும் பெண் இவர்களைக் காட்டி, அன்று சூனியக்காரி என்றோம், இன்று 'ஹிஸ்டீரியா' என்கிறோம் என்கிறார். வைத்தியம் படித்தவர் அல்லவா? ஆனால் அந்தப் பெயரும் நிலைக்கவில்லை. 1980-ல் அமெரிக்க மனநோய் வைத்தியர்கள் தங்கள் அட்டவணையிலிருந்து ஹிஸ்டீரியா என்ற நோயையே எடுத்துவிட்டார்கள். அந்தப் பெண்களுக்கு அதற்கப்புறம் என்ன பெயர் வைத்தாலும், அவர்கள் துக்கம் என்ன என்று யாராவது உட்கார்ந்து கேட்டார்களா என்பதுதான் கேள்வி. இருந்தாலும், எரித்தவர்களைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று நம்மை விட்டுவிடாமல், உன் காலத்தையும் பார் என்று இழுத்து நிறுத்தினாரே, அது பெரிய காரியம்.

மரியாவாக நடித்த மாரன் பெடர்ஸன் தொழில் நடிகை அல்லள். டைரக்டர் தேடிப் பிடித்த வயோதிக மாது. படம் எடுக்கும்போது ஒருநாள் அவள் களைத்த முகத்தை நிமிர்த்தி, பிசாசு இருப்பது நிஜம், என் படுக்கையருகே அது உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன் என்றாளாம். அதையும் அவர் மறைக்காமல் படத்திலேயே சொல்லிவிட்டார். நானூறு வருஷம் முன்னால் இந்த ஒரு வார்த்தை போதும், அவளைக் கட்டையில் ஏற்ற. 1921-ல் அவளை யாரும் அடிக்கவில்லை; கூட யார் இருந்தார்கள் என்று கேட்கவில்லை. அவள் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்டு, அடுத்த காட்சியை எடுக்கப் போனார்கள்.