பெயர் மாறிய மலையும் பெயர் மாறும் தளங்களும்

இலுப்பூருக்கு அருகே உள்ள குடுமியான்மலைக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் அங்குள்ள இசைக் கல்வெட்டைக் காணவே செல்கிறார்கள். அந்த ஊரின் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. பழைய கல்வெட்டுகளில் அது திருநலக்குன்றம். பின்னர் சிகாநல்லூர் என்ற பெயர் வழங்கியது. இன்று குடுமியான்மலை. பெயர் மூன்றாயினும் குன்று ஒன்றே என்பதில் எவருக்கும் ஐயமில்லை. பழைய பெயரைத் தாங்கிய கல்வெட்டு, புதிய பெயர் வழங்கும் அதே பாறையில் இன்றும் நிற்பதே அதற்குக் காரணம்.

இலுப்பூருக்கு இந்த மாற்றம் வேறு விதமாக வந்தது. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை மாவட்டம் அமைக்கப்பட்டபோது, திருச்சி மாவட்டத்து இலுப்பூர் புதுக்கோட்டை மாவட்டத்து இலுப்பூராயிற்று. வீடு நகரவில்லை, தெரு நகரவில்லை. உறையின் மேல் எழுதும் வரி மட்டும் மாறியது. பழைய வரியை எழுதிய கடிதமும் வந்து சேரும் என்ற நம்பிக்கை, ஊரை அறிந்த தபால்காரரால் விளைவது.

இணையத்தில் அந்தத் தபால்காரர் யார்? இக்கட்டுரையின் கேள்வி அதுதான்.

தொடக்க காலத்தில் கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் இருந்தன. ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு அதைப் பேணி வந்தது. கணினிகள் பெருகவே கோப்பு தாங்கவில்லை. 1983இல் பால் மொகாபெட்ரிஸ் வகுத்த டொமைன் பெயர் முறை, அந்தப் பொறுப்பைப் பல வழங்கிகளுக்குப் பகிர்ந்தளித்தது. 1985 மார்ச் 15 அன்று 'சிம்பாலிக்ஸ்.காம்' பதிவாயிற்று; டாட் காம் பெயர்களில் அதுவே முதலாவது. பெயர் வேறு, இடம் வேறு என்றாயிற்று. இடத்தை மாற்றினாலும் பெயரைக் காக்கலாம். பெயரை மாற்றினாலும் இடத்தைக் காக்கலாம்.

இரண்டாவதே கடினமானது. மக்கள் உள்நுழைந்து எழுதியும் தேடியும் கொண்டிருக்கும் ஒரு செயலியை, ஒரு நாளும் மூடாமல் புதிய பெயருக்குக் கொண்டு செல்வது, குடியிருக்கும் வீட்டின் கதவு எண்ணை மாற்றுவது போலத் தோன்றும், அவ்வளவு எளிதன்று. உலகெங்கும் உள்ள பெயர் வழங்கிகள் பழைய விடையைச் சிறிது காலம் நினைவில் வைத்திருக்கும். ஆகவே அந்த நினைவின் ஆயுளை முன்கூட்டியே சில நிமிடங்களாகக் குறைத்துவைக்க வேண்டும். இரு பெயர்களுக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். உலாவியில் சேமித்த உள்நுழைவு அடையாளம் பழைய பெயருக்கே உரியது என்பதால் பயனர்கள் மீண்டும் நுழைய நேரும். தரவுத்தளத்தில் புதைந்துள்ள சுட்டிகளைத் திருத்த வேண்டும். கடைசியாக, பழைய பெயருக்கு வருவோரிடம் '301' என்னும் குறியீட்டைச் சொல்லிப் புதிய பெயரின் அதே பக்கத்திற்கு அனுப்ப வேண்டும். நிலையாக இடம் மாறிவிட்டது என்பது அதன் பொருள். அந்த மூன்று இலக்க எண்ணே நாம் தேடிய தபால்காரர்.

இதற்கு நாம் நாள்தோறும் காணும் சான்று விக்கிப்பீடியா. 2001 ஜனவரி 15 அன்று அது தொடங்கியது 'விக்கிபீடியா.காம்' என்ற வணிகப் பெயரில். விளம்பரம் வந்துவிடுமோ என்ற அச்சத்தால் ஸ்பானிய மொழித் தன்னார்வலர் பலர் 2002 பிப்ரவரியில் பிரிந்து தனிக் கலைக்களஞ்சியம் தொடங்கினர். அவ்வாண்டு ஆகஸ்டில் தளம் 'விக்கிபீடியா.ஆர்க்' என்ற பெயருக்கு மாறியது. இலாப நோக்கமற்றது என்ற உறுதிமொழி முகவரியிலேயே எழுதப்பட்டது எனலாம். 2003 செப்டம்பரில் தமிழ் விக்கிப்பீடியா பிறந்தது இப்புதிய பெயரின் கீழ்தான். பழைய 'காம்' முகவரியைத் தட்டினால் இன்றும் புதிய வாசலில் கொண்டுபோய் விடுகிறது.

எதிர்மாறான சான்று யூகோஸ்லாவியா. நாடு சிதைந்த பின், அதன் 'டாட் ஒய்யூ' முகவரிகள் செர்பியாவுக்கும் மாண்டினீக்ரோவுக்கும் உரிய புதிய பெயர்களுக்கு மாற வேண்டியதாயிற்று. மாறுவதற்குக் காலம் தரப்பட்டது. 2010 மார்ச் 30 அன்று பழைய பெயர் முற்றிலும் நீக்கப்பட்டது. மாறிச் சென்றவர்களும்கூடப் பழைய வாசலில் ஆள் நிறுத்த முடியவில்லை, வாசலே இல்லை. நம் பக்கத்துச் சமஸ்தானத்தை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. புதுக்கோட்டை 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தில் இணைந்து சமஸ்தானம் என்ற நிலையை இழந்தது. ஆனால் 1929இல் அது வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதியை ஆய்வாளர்கள் இன்றும் எடுத்தாள்கிறார்கள். அச்சுப் புத்தகத்தின் உயிர் அதை வெளியிட்டவரின் முகவரியில் இல்லை.

தமிழ் இணையத்தின் இழப்பு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. முதல் தலைமுறைத் தமிழ் ஆர்வலர் பலர் ஜியோசிட்டீஸில் இலவசப் பக்கங்கள் அமைத்தனர்; 2009 அக்டோபர் 26 அன்று அது மூடப்பட்டது. அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பி கிளப் என இலக்கிய விவாதங்கள் செழித்தது யாஹூ குழுமங்களில். 2020 டிசம்பரில் அச்சேவை முடிவுக்கு வந்தது. உள்ளடக்கத்தைப் பிரதி எடுத்தவர்கள் இருந்தனர். ஆனால் '301' சொல்ல எவராலும் இயலவில்லை. பெயர் அவர்களுடையதன்று; வாடகையின்றிக் கிடைத்த பெயர். ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில் இருந்த சுட்டி, பிரதி வேறிடத்தில் நலமாக இருக்கும்போதே, ஒன்றுமில்லாததைச் சுட்டுகிறது.

மாற்றவே மாற்றாதிருப்பதுதான் நல்லது என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 1998இலேயே எழுதினார். ஆயினும் அவருடைய முதல் தளத்தின் முகவரிக்குப் பின் உலகளாவிய வலைச் சேர்த்தியத்திற்கு வேறு பெயர் வந்தது. மாற்றம் தவிர்க்க இயலாதது. புதிய பெயரை வாங்கியதும் பழைய பெயரைப் புதுப்பிக்காமல் விடும் சிக்கனமே தவிர்க்கக்கூடியது. கைவிட்ட பெயரை நாளை யாரும் வாங்கலாம். கவிதைக்கென்று நாம் கொடுத்த சுட்டி சூதாட்ட விளம்பரத்தில் போய் நிற்கும்.

எனவே தளம் நடத்தும் நண்பர்கள் புதுமனை புகும்போது பழைய மனையின் ஆண்டுக் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது. அது பழைய வாசகருக்கும், நம்மை மேற்கோள் காட்டியவருக்கும் செலுத்தும் கடன். குடுமியான்மலையில் புதுப் பெயரை வைத்தவர்கள் திருநலக்குன்றம் என்ற எழுத்தைச் செதுக்கி அழிக்கவில்லை. அதனால்தான் அந்த மலைக்கு இன்னும் வழி தெரிகிறது.