கூடுதலாகச் சேமித்தால் குற்றமா? (ஓர் அமெரிக்க வரிக் கதை)

வரி கட்டாவிட்டால் அபராதம், சரி. வயதான காலத்துக்கு என்று கொஞ்சம் அதிகமாகப் போட்டு வைத்தால்? அமெரிக்காவில் அதற்கும் அபராதம் உண்டு மக்களே. முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன் :-)

கதை 1963 டிசம்பரில் ஆரம்பிக்கிறது. இண்டியானா மாநிலம் சவுத் பெண்டில் ஸ்டூட்பேக்கர் கார் கம்பெனி தன் தொழிற்சாலையை மூடியது. பென்ஷன் நிதியில் போதுமான பணம் இல்லை. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்கள் தப்பித்தார்கள். 40 வயதிலிருந்து 59 வரை இருந்த நாலாயிரத்துச் சொச்சம் பேருக்கு, சேரவேண்டியதில் சுமார் 15 சதவீதம்தான் கிடைத்தது. அவர்களைவிட இளையவர்களுக்குப் பட்டை நாமம்.

இந்த மாதிரி சம்பவங்களால் கிளம்பிய விவாதம் முடிய பத்து வருடத்துக்கு மேல் ஆனது. 1974 செப்டம்பர் 2 அன்று ஜனாதிபதி ஃபோர்டு எரிசா சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். கம்பெனி பென்ஷன் இல்லாதவர்களும் தாங்களே சேமிக்கட்டும் என்று அதில் பிறந்ததுதான் ஐ.ஆர்.ஏ. கணக்கு. போடும் பணத்துக்கு வரி விலக்கு, உள்ளே வளரும் லாபத்துக்கும் அப்போதைக்கு வரி இல்லை. உச்சவரம்பு, சம்பளத்தில் 15 சதவீதம் அல்லது 1,500 டாலர், இரண்டில் எது குறைவோ அது.

வரம்பு இல்லாவிட்டால் பணக்காரர்கள் மொத்த சொத்தையும் அதில் கொட்டிவிடுவார்கள் இல்லையா? அதனால் 4973-ம் பிரிவு. வரம்பை மீறிய தொகைக்கு 6 சதவீதம் வரி. ஒருமுறை கட்டினால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அந்தப் பணம் உள்ளே இருக்கும் வரை வருடா வருடம்!

நியாயம்தான். ஆனால் மாட்டுவது யார் என்று பாருங்கள். 1997-ல் சட்டமாகி 1998-ல் ஆரம்பித்த ராத் ஐ.ஆர்.ஏ.வில் வருமான உச்சவரம்பும் சேர்ந்துகொண்டது. திருமணமாகாத ஒருவர் 2024 ஜனவரியில் முழு வரம்பான 7,000 டாலரைப் போடுகிறார். டிசம்பரில் போனஸ் வந்து வருமானம் 161,000-ஐத் தாண்டிவிடுகிறது. அவ்வளவுதான், 7,000-மும் 'மீறிய தொகை'. தப்பு செய்தாரா? போனஸ் வாங்கினார்!

அப்படியே விட்டால் வருடத்துக்கு 420 டாலர். தப்பிக்க வழி உண்டு. ரிட்டர்ன் கெடுவுக்குள் (நேரத்தில் தாக்கல் செய்திருந்தால் அக்டோபர் 15 வரை) பணத்தையும் அது ஈட்டிய லாபத்தையும் வெளியே எடுத்துவிட்டால், அந்தப் பணம் கணக்கில் போடப்படவே இல்லை என்று சட்டம் பாவித்துக்கொள்ளும். லாபம் மட்டும் வருமானமாகிவிடும்.

எந்த வருடத்து வருமானம்? இங்கேதான் கூத்து. 7,700 ஆக வளர்ந்ததை 2025 மார்ச்சில் எடுத்தாலும், லாபம் 700-ஐ, பணம் போட்ட 2024-ம் வருடக் கணக்கில் காட்ட வேண்டும். அதற்கான 1099-ஆர் படிவமோ 2026 ஜனவரியில்தான் வரும். அதில் 'பி' என்று ஒரு எழுத்து இருக்கும், 'போன வருடத்துக்கு உரியது' என்று அர்த்தம். படிவம் வரட்டும் என்று காத்திருந்தவர் 2024 ரிட்டர்னைத் திருத்தித் தாக்கல் செய்து, அந்த 700-க்கான வரியை வட்டியோடு கட்ட வேண்டும். நம் கணக்குப் பதிவியலில் அட்வான்ஸ், அவுட்ஸ்டாண்டிங் என்று குழம்புவதெல்லாம் இதற்கு முன்னால் தூசு.

ஐம்பத்தொன்பதரை வயது ஆகாதவர்கள் அந்த லாபத்துக்கு இன்னொரு 10 சதவீதமும் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2022 டிசம்பரில் வந்த செக்யூர் 2.0 சட்டம் அதை எடுத்துவிட்டது.

அதே சட்டம் செய்த இன்னொரு காரியம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 6 சதவீத வரியைக் காட்டும் படிவம் 5329. தான் வரம்பு மீறியதே தெரியாதவர் அதைத் தாக்கல் செய்யமாட்டார். தாக்கல் செய்யாததால் காலவரம்பும் ஓட ஆரம்பிக்காது. பத்து, பதினைந்து வருடம் கழித்தும் வரித்துறை மொத்தமாகக் கேட்கலாம். புதிய சட்டத்தில், சாதாரண ரிட்டர்ன் தாக்கல் செய்த நாளிலிருந்தே கடிகாரம் ஓடும். ஆறு வருடம்.