பள்ளிகள் மூடியிருந்த காலம்

கொரோனாக் கொள்ளைநோய் பரவத் தொடங்கியதும், 2020 மார்ச் 17 முதல் தமிழகப் பள்ளிகள் மூடப்பட்டன. மேல் வகுப்புகள் இடையே சில வாரங்கள் நடந்தன. எட்டாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகளுக்கோ 2021 நவம்பர் 1 அன்றுதான் கதவு திறந்தது. 19 மாதங்களுக்கு மேல் வகுப்பறை காணாத ஒரு தலைமுறையை நாம் கண்ணாரக் கண்டோம்.

வேலூர் வட்டாரம் கல்வியை மறந்த மண்ணன்று. தோல் வணிகத்தில் ஈட்டிய பொருளைக் கல்விக்கு ஈந்த பெருமக்கள் இங்கு வாழ்ந்தனர். வேலூரின் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத், வாணியம்பாடியில் 1919இல் எழுந்த இஸ்லாமியாக் கல்லூரி, ஆம்பூரின் மஸ்ஹருல் உலூம் ஆகியவை இம்மண்ணின் புகழ் பேசுகின்றன. அத்தகைய ஊர்களிலும் அந்நாளில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தன.

பாடம் மட்டும் வீடு தேடி வந்தது. 2019இல் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சி வகுப்பு வாரியாகப் பாடங்களை ஒளிபரப்பியது. வசதியுள்ள பள்ளிகள் கைப்பேசி வழியே வகுப்பு நடத்தின. ஆனால் டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் கூலிக்கு உழைப்போர் வீட்டில், இருக்கும் ஒரு கைப்பேசியும் தந்தையின் சட்டைப் பையில் போய்விட்டால் பிள்ளைகள் எதில் படிப்பார்கள்? மாலையில் அது வந்தாலும், மகனுக்குப் பிறகு மகளுக்கு முறை வருமா? தொலைக்காட்சியோ பேசும், பிள்ளை பிழையாகப் படிப்பதைக் கேளாது.

பிழை கேட்டுத் திருத்தும் முறை நம் முன்னோரிடம் இருந்தது. ஓதிக்கொடுக்கும் அம்மையார் தம் வீட்டுக் கூடத்தில் தெருச் சிறுமியரை அமர்த்தி, ஒவ்வொருத்தியின் ஓதலையும் செவிமடுத்துத் திருத்துவார். பள்ளிக்கூடம் சென்றறியாத நம் மூதாட்டியர் பலர் அரபுத்தமிழ் நூல்களைப் படித்தது இவ்வழியிலேதான். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்றோரின் அரபுத்தமிழ் நூல்கள் அடுப்பங்கரை வரை சென்றதும் இதனாலேயே.

2021 அக்டோபர் 27இல் அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' ஏறத்தாழ இதே வழியைக் கைக்கொண்டது. ஒரு தன்னார்வலர், இருபது பிள்ளைகள் அளவில் ஒரு குழு, மாலையில் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம். தன்னார்வலருள் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

வீட்டில் உருது பேசும் பிள்ளை, பள்ளியில் கற்ற தமிழ் எழுத்தை ஒன்றரை ஆண்டில் மறந்துவிடக்கூடும். மறந்தவனுக்குப் பள்ளி வாசலைவிடக் கம்பெனி வாசலே எளிதாகத் தோன்றும். பள்ளி திறந்த அதே நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்து, மழை மீண்டும் விடுமுறை தந்ததையும் நாம் மறக்கலாகாது. அடுத்த முறை கதவு மூடும்போது நம் பிள்ளைகளின் அருகே அமர, படித்த பெண் ஒருத்தியைத் தெருதோறும் ஆயத்தப்படுத்தி வைப்போமாக! அவளை மேலும் படிக்க வைப்பதே அதற்கு முதல் வேலை.