துபாசி

'துவி' என்றால் இரண்டு, 'பாஷை' என்றால் மொழி. இந்த வடசொற்களின் வழியே வந்த 'துபாசி'க்கு நேர்ப்பொருள் இருமொழியாளர். ஆனால் 18ஆம் நூற்றாண்டுச் சென்னையிலும் புதுச்சேரியிலும் மொழிபெயர்ப்பு அவர் வேலையில் ஒரு பங்குதான்.

கப்பலை விட்டு இறங்கிய வெள்ளைக்காரருக்கு வீடு பிடிப்பது, ஆள் அமர்த்துவது, கடன் கொடுப்பது, சரக்கு வாங்குவது எல்லாம் துபாசியே. விலை பேசும்போது இரண்டு பக்கத்துப் பேச்சும் புரிந்தவர் அவர் ஒருவர்தான். துரைக்குத் தமிழோ தெலுங்கோ தெரியாது; நெசவாளிக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் விலை ஏறினாலும் இறங்கினாலும் யாருக்குத் தெரியும்? போதாததற்குப் பல துபாசிகள் சொந்த வாணிகமும் நடத்தினார்கள். துரையின் கணக்கும் தன் கணக்கும் ஒரே கையில்!

எல்லோரையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமில்லை. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் பணியாற்றிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில், அரசியல் செய்தியோடு தன் வியாபார விவரங்களையும் ஒளிக்காமல் எழுதிவைத்தார். துபாசியாகப் பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியாரின் சொத்து அறப்பணிக்கும் கல்விக்கும் போனது.

கெட்ட பெயருக்கு உதாரணம் அவதானம் பாப்பையர். சென்னை ஆளுநர் ஜான் ஹாலண்டின் துபாசி. டேவிட் ஹாலிபர்ட்டன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியைப் பதவியிலிருந்து விலக்கச் சதி செய்ததாக வழக்கு நடந்து, 1792இல் குற்றவாளி என்று தீர்ப்பானது.

சென்னை சூளையில் ஒரு சாலை இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.