முறைப்பெண் கேட்ட பாடம்

மோகனூர்ப் பக்கத்துப் பெண்ணொருத்தி பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, இளங்கலையில் மானிடவியல் படிக்க வேண்டும் என்றால் பக்கத்துக் கல்லூரிகளில் அந்தத் துறையே இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1945இலிருந்து இருக்கிறது. அவ்வளவு தூரம் யார் அனுப்புவார்கள்? தமிழோ வணிகவியலோ எடுத்துக்கொள்கிறாள். என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறவர்களில் அப்படி வந்தவர்கள் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் படிப்பு வளர்ந்ததில் நம் வீட்டுச் சொற்களுக்கும் பங்குண்டு. லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்க வழக்கறிஞர், மிஷனரிகள் வழியாகக் கிடைத்த தமிழ் உறவுப்பெயர்களைச் செனகா பழங்குடியினரின் உறவுப்பெயர்களோடு ஒப்பிட்டு 1871இல் பெருநூல் வெளியிட்டார். பெரியப்பா மகள் அக்கா, தங்கை. மாமன் மகள் அப்படியல்ல. நமக்குப் பேசத் தொடங்கும்போதே தெரிந்துவிடுகிற இந்தக் கணக்குத்தான் அவரை வியக்க வைத்தது.

வடக்கே மணப்பெண் முன்பின் அறியாத வீட்டுக்குப் போகிறாள், தெற்கே அத்தை வீட்டுக்கோ தாய்மாமன் வீட்டுக்கோ போகிறாள் என்ற வேறுபாட்டை ஐராவதி கார்வே 1953இல் வந்த தம் நூலில் எழுதினார். பெண் என்பதால் அவர் கண்ணில் பட்டது என்றே நினைக்கிறேன். ஆனால் தெரிந்த வீடு என்பதாலேயே 'வேண்டாம்' என்று சொல்ல முடியாமல் போவதும் உண்டே.

1964 முதல் 1966 வரை காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக், கொங்கு நாட்டைப் பற்றிய தம் நூலை 1972இல் வெளியிட்டார். இணைச்சீர் அதில் வருகிறது. கல்யாணத்தில் மாப்பிள்ளையையும் அவன் உடன்பிறந்தவளையும் ஒரே சேலையால் இணைப்பார்கள். அவனுக்குப் பெண் பிறந்தால் அவள் மகனுக்கு உரிமை உண்டு என்பது அதன் பொருள் என்பார்கள் பெரியவர்கள். பெண் இன்னும் பிறக்கவே இல்லை, அதற்குள் அவள்மேல் உரிமை.

மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி திட்டக்கட்டுரைக்காகத் தன் அம்மாயியிடம் இணைச்சீர் பற்றிக் கேட்டாள். சடங்கை வரிசையாகச் சொல்லிவிட்டார். "உங்களுக்கு அந்த மாப்பிள்ளை புடிச்சிருந்துச்சா?" என்றதும், செல்போனை அணைக்கச் சொன்னாராம். அப்புறம் ராத்திரி வெகுநேரம் பேசினாராம்.

அந்த ராத்திரிப் பேச்சு கட்டுரையில் இல்லை. மானிடவியல் மாணவிக்கு முதலாண்டிலேயே எதைப் பதியலாம், எதைப் பதியக்கூடாது, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று சொல்லித்தருவார்கள். தமிழ்த்துறையில் அவளும் நானும்தான் அதை யோசித்துக்கொண்டிருந்தோம்.