கருமருந்துச் சுழல்துப்பாக்கியில் இறுகல்

கருமருந்தால் சுடும் பழைய பாணிச் சுழல்துப்பாக்கியின் (ரிவால்வர்) உறுப்புகள் உப்புக் கசடாலும் துருவாலும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அசையாமல் போவது இறுகல் எனப்படும். பட்டறைப் பேச்சில் இதைப் ‘பிடித்துக்கொண்டது’, ‘ஜாம் ஆகிவிட்டது’ என்பர். சாமுவேல் கோல்ட் 1836-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற வகையிலும் அதன் இன்றைய மறுபடைப்புகளிலும் மூன்று இடங்கள் எளிதில் இறுகும்: குழலைச் சட்டத்தோடு பிணைக்கும் ஆப்பு, உருளை சுழலும் மைய அச்சு, உருளையின் பின்புறம் கேப் (அடிபட்டதும் தீப்பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோக மூடி) பொருத்தும் காம்புகள்.

காரணம்

கருமருந்து ஏறக்குறைய 75 பங்கு வெடியுப்பும் 15 பங்கு கரியும் 10 பங்கு கந்தகமும் சேர்ந்த கலவை. எரிந்த பின் அதன் எடையில் பாதிக்கு மேல் திடக் கசடாகவே நிற்கும். அதில் முதன்மையானவை பொட்டாசியம் கார்பனேட்டும் பொட்டாசியம் சல்பேட்டும். கார்பனேட் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். குளோரேட் கலந்த பழைய கேப்புகள் விட்டுச்செல்லும் குளோரைடு இரும்பை மேலும் அரிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கொள்வதால் இடுக்குகள் அடைபட்டு இறுகுகின்றன.

பழவேற்காடு

கருமருந்தும் உப்புக்காற்றும் சந்தித்த இடத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு பழவேற்காடு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613-ல் கெல்திரியா கோட்டையை எழுப்பிய பழவேற்காட்டில், 17ஆம் நூற்றாண்டில் வெடிமருந்து ஆலையும் இயங்கியது. அங்கு அரைத்த மருந்து பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) வரை கப்பலேறியது. இந்தியாவில் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு ஏரி. லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் போன்ற மீனவக் குப்பங்களின் உப்புக்காற்றில் எந்த இரும்பும் எளிதில் துருவேறும். கடலுக்குப் போய்வந்த படகு இன்ஜினை நன்னீரால் அலச வேண்டும் என்ற விதியே கருமருந்துத் துப்பாக்கிக்கும் பொருந்தும்: உப்பைக் கரைப்பது நீர், எண்ணெய் அதை மூடி வைக்கும், அவ்வளவே.

விடுவிக்கும் முறை

முதலில் உருளையின் ஒவ்வோர் அறையும் வெறுமையா என்று உறுதி செய்ய வேண்டும். உலர்ந்த கருமருந்து நூறாண்டு கழிந்தும் வெடிக்கும். ஆகவே சோதிக்கும் முன் சூடேற்றுவதோ தட்டுவதோ கூடாது. மரப்பிடியைக் கழற்றிய பின், சோப்பு கலந்த வெந்நீரில் ஊறவைத்தால் கசடு இளகும். ஈரம் முழுதும் போக உலர்த்தி, துரு ஊடுருவிய இடங்களில் ஊடுருவும் எண்ணெயையோ மண்ணெண்ணெயையோ விட்டு ஓரிரு நாள் பொறுக்க வேண்டும். ஆப்பைப் பித்தளைத் துண்டு வைத்து மெல்லத் தட்டலாம். காம்புகளுக்கு அளவு பொருந்தும் சாவியே தேவை. தளர்ந்த சாவி முனையை மழுக்கிவிடும். வலிமையைவிடப் பொறுமையே இங்கு பயன் தரும். கழன்ற பின் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசுவதே மறு இறுகலைத் தடுக்கும்.

அருங்காட்சியகப் பொருள்களில் துருவின் மேற்பரப்பே வரலாற்றுச் சான்றாகலாம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-ல் தொடங்கிய வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் உலோகத் திருமேனிகளை மின்னாற்பகுப்பால் மீட்டுப் பெயர்பெற்றது. துருப்பிடித்த இரும்புக்கும் இம்முறை உண்டு. ஆனால் அது வல்லுநர் கையாள வேண்டியது.

சட்டம்

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், பழுது பார்த்தாலும் சுட இயலாத பழமைச் சின்னங்களுக்கு 45ஆம் பிரிவில் விலக்கு அளிக்கிறது. இறுகிய உறுப்பை விடுவித்தால் மீண்டும் சுடக்கூடிய துப்பாக்கி அவ்விலக்கில் அடங்காது. படைக்கலங்களைப் பழுது பார்க்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். எனவே, திருப்புளியைத் தொடும் முன்பே உரிமத்தைப் பார்த்துவிட வேண்டும்.