நின்றவூர்ப் பூசலாரும் நம்முடைய வாதங்களும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், ஆவடிக்கு அப்பால் உள்ளது திருநின்றவூர். பூசலார் நாயனாரின் ஊர் அது. சிவபெருமானுக்குக் கோயில் எடுக்க விரும்பிய பூசலார் எங்கெங்கோ பொருள் தேடியும் கிடைக்கவில்லை. ஆகவே மனத்திலேயே பொருள் திரட்டி, தச்சரை வருவித்து, கோயிலும் மதிலும் திருக்குளமும் அமைத்துக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். காஞ்சியில் தான் எடுப்பித்த கற்கோயிலுக்குக் காடவர்கோன் குறித்திருந்ததும் அதே நாள்தான். இறைவன் அவன் கனவில் தோன்றி, நாளை பூசலின் கோயிலில் புகப்போவதாகவும், அவன் வேறு நாள் பார்த்துக்கொள்ளுமாறும் கூறினான். மன்னன் நின்றவூருக்கு விரைந்தான். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் இயற்றிய பெரிய புராணம் உரைக்கும் வரலாறு இது.

இது நடந்ததா? இக்கேள்வியை மாணவர் கூட்டங்களில் நான் எழுப்பியதுண்டு. சிறிது நேரத்திற்குள் பேச்சு பூசலாரை விட்டு விலகி, ஒருவருடைய பக்தியையும் மற்றவருடைய அறிவையும் பழிப்பதில் சென்று முடியும். சோழர் காலத்து வரிகளைப் பற்றி மணிக்கணக்கில் அமைதியாக வாதிடக்கூடியவர்களே இங்குக் குரலை உயர்த்துகிறார்கள்.

சான்றுகளைக் காண்போம். சுந்தரர் தம் திருத்தொண்டத் தொகையில் பூசலாரின் பெயரையும் ஊரையும் மட்டுமே சொல்கிறார். பின்வந்த நம்பியாண்டார் நம்பி, இரவெல்லாம் கோயிலையே நினைந்து அவர் அருள் பெற்றார் என்கிறார். அப்பாடலில் அரசனைப் பற்றிய பேச்சில்லை. அரசன் வருவது சேக்கிழாரிடத்தில்தான். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலை ஏறத்தாழ கி.பி. 700-இல் எடுப்பித்தவன் இராசசிம்ம பல்லவன். அவனே காடவர்கோன் என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. அக்கோயிலின் வடமொழிக் கல்வெட்டு ஒன்று, இக்கலியுகத்திலும் அவன் அசரீரி வாக்கைக் கேட்டான் என்று வியந்து கூறுகிறது.

இக்கல்வெட்டைக் காட்டியதும், நம்புவோர் "கல்லே சாட்சி" என்பர். நம்பாதோர் "அரசனைப் புகழ்ந்த புலவனின் கற்பனை" என்பர். இரு சாராரும் கல்வெட்டைக் காணுமுன்பே தீர்ப்பை எழுதிவிட்டார்கள்! அதில் பூசலார் பெயரும் இல்லை, நின்றவூரும் இல்லை. அரசன் ஒரு வாக்கைக் கேட்டதாக அக்காலத்தில் பேசப்பட்டது என்பது வரையில்தான் அந்தக் கல் நமக்குத் துணை வரும்.

சமய நம்பிக்கையைப் பெரும்பாலோர் சான்று கண்டு பெறுவதில்லை. தாயின் மடியில், திருநீற்றோடும் விளக்கோடும் சேர்த்துப் பெறுகிறார்கள். ஆகவே "சான்று எங்கே?" என்று கேட்டால், "உன் தாய் அறியாதவளா?" என்று கேட்டதாகவே அவர்கள் செவியில் விழுகிறது. மறுப்பவருக்கும் இத்தகைய புண் உண்டு. உற்றாரின் ஏச்சைத் தாங்கி வெளியேறியவருக்கு, எதிராளியின் ஒரு சொல்லை ஒப்புக்கொள்வதும் பழைய சிறைக்குத் திரும்புவதாகத் தோன்றும்.

இன்றும் நின்றவூரில் இருதயாலீசுவரர் கோயில் இருக்கிறது. இதய நோயுற்றோர் அங்கு வந்து வேண்டிக்கொள்கிறார்கள். தந்தையின் அறுவைச் சிகிச்சைக்கு முதல்நாள் அச்சந்நிதியில் நிற்கும் மகனிடம் கல்வெட்டு ஆராய்ச்சி பேசுவது பண்பாகாது. ஆனால் அவன் மருத்துவமே வேண்டாம் என்று சொல்லத் துணிந்தால், வாய் மூடியிருப்பது நட்பாகுமா? அங்கே பேசித்தான் ஆகவேண்டும். எந்தத் தொனியில் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தே அவன் செவி கொடுப்பான்.

தமிழருக்கு இது புதிதன்று. வஞ்சி மாநகரில் சமயவாதியர் ஒவ்வொருவரையும் அணுகி அவரவர் கொள்கையைக் கேட்டவள் மணிமேகலை. மதுரையிலோ ஏடுகளைத் தீயிலும் நீரிலும் இட்டு வெற்றி தோல்வி கண்டதாகப் புராணம் சொல்கிறது. நாம் மணிமேகலையைவிட மதுரையையே மிகுதியாக நினைவில் வைத்திருக்கிறோம்.

சேக்கிழாரிடம் ஓர் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். பூசலார் அமைத்த கோயில் எங்கே என்று அரசன் வினவியபோது, அவர் கோயில் ஏதும் கட்டவில்லை என்றே ஊரார் விடை கூறினர். கண்டதைச் சொன்ன அவர்களைச் சேக்கிழார் இகழவில்லை; அரசனும் சினக்கவில்லை. பூசலார் யார் என்று வேதியரிடம் கேட்டறிந்து, அவரைத் தன்னிடம் அழைப்பிக்காமல், அவர் இருந்த இடத்திற்குத் தானே நடந்து சென்றான்.